ஹரித்வாரில் ஒரு வம்சாவளி நோட்டு

தில்லியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளை நான் தீதி என்றுதான் கூப்பிடுவேன். போன வருஷம் அவருடைய தகப்பனார் காலமானார். அஸ்தி கரைக்க ஹரித்வார் கிளம்பியபோது, "நீயும் துணைக்கு வாயேன்" என்றார். கங்கா ஸ்நானம் கிடைக்கிறதே என்று நானும் புறப்பட்டேன்.

ஹர் கீ பௌரியில் கங்கையின் வேகத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போட்டேன். காரியம் முடிந்ததும் தீதி, "இனிமேல்தான் முக்கியமான வேலை" என்று பண்டாக்களைத் தேடிப் போனார்.

பண்டா என்றால் தீர்த்தப் புரோகிதர். தம்மிடம் வரும் குடும்பங்களின் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நீள நோட்டுக்கு 'வஹி' என்று பெயர். வந்தவர் யார், வீட்டில் யார் யார் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். இப்போது குடியிருக்கும் ஊரைச் சொன்னால் போதாது. பூர்வீக ஊரும் ஜாதியும் சொன்னால்தான் உரிய பண்டாவைக் கண்டுபிடிக்க முடியும்.

தீதியின் பூர்வீகம் லயால்பூர். இன்று பாகிஸ்தானில் ஃபைசலாபாத் என்கிறார்கள். 1947 பிரிவினையின்போது அவர் அப்பா சின்னப் பையன். கட்டிய துணியோடு வந்த குடும்பம். ஒரு காகிதம், ஒரு போட்டோ கிடையாது.

இரண்டு பேர் கைவிரித்தார்கள். மூன்றாமவர் சிவப்புத் துணியைப் பிரித்து, வெகுநேரம் புரட்டி, "இதோ!" என்று விரல் வைத்தார். சம்வத் 2000, அதாவது 1943. உருதுவில் தாத்தாவின் கையெழுத்து! கடைசிப் பிள்ளையாக அப்பாவின் பெயர். தீதிக்கு உருது தெரியாது. எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்து அழுதார்.

சட்டென்று நிமிர்ந்து, "பாட்டி பேர் எங்கே? அத்தைகள் பேர் எங்கே?" என்றார். அந்தப் பக்கத்தில் ஆண்கள் பெயர் மட்டுமே இருந்தது.

"பெண்கள் புகுந்த வீட்டுக் கணக்கில் வருவார்கள்" என்றார் பண்டா.

"அஸ்தி கொண்டுவந்தது மகள்தானே? எழுதுங்கள்!"

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தீதியின் அம்மா பெயர், தீதி பெயர், தங்கை பெயர் எல்லாம் எழுதினார். தீதி கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தேன். என் கொள்ளுப்பாட்டி பெயர் எனக்கே தெரியாது! கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "பாட்டி பேர் வரைக்கும்தான்டி ஞாபகம். பரண்ல பித்தளை அண்டா இருக்கு, அதைப் பாரு" என்றாள். லீவுக்குப் போனபோது புளி போட்டுத் தேய்த்தேன். விளிம்பில் வெட்டியிருந்தது, சீர் கொண்டுவந்தவளின் பெயர்!

நம் வீடுகளிலும் வஹி இருக்கிறது சகோதரிகளே. ஜாதக நோட்டு, கல்யாணப் பத்திரிகை, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெண்கள் பெயரையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய பாத்திரத்தை எடைக்குப் போடுமுன் விளிம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.