பெயர் தெரியாத குரல்களுக்கு, பொன்முடியிலிருந்து

அன்புள்ள டப்பிங் கலைஞர்களுக்கு,

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வருகிற பொன்முடியிலிருந்து எழுதுகிறேன். டிசம்பர் பிறந்ததும் பத்திரிகைகள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பார்க்க வேண்டிய படங்கள் என்று ஒரு பட்டியல் போடும். நடிகர் பெயர் இருக்கும், டைரக்டர் பெயர் இருக்கும், இசையமைத்தவர் பெயர்கூட இருக்கும். அந்தப் படங்களை எங்கள் வீட்டுக்குள் கூட்டிவந்து உட்காரவைத்த உங்கள் பெயர் மட்டும் இருக்காது. இத்தனை வருஷமாக யாரும் சொல்லாமல் விட்ட நன்றியை இந்த மடலில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்களைப் பற்றி இரண்டு வரி. தேயிலைக் காட்டு வேலைக்கென்று திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் தமிழ். எங்கள் தலைமுறை இரண்டையும் சமாளித்துக்கொண்டது. கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் கறுத்துப்போன பாட்டிமார்களுக்குத் தமிழைத் தவிர எதுவும் ஓடாது. மலையாளப் படம் என்றால் பாதி புரியும், இங்கிலீஷ் படம் என்றால் தூங்கிவிடுவார்கள். எங்கள் லயத்தில் ஒரு படம் ஊர் முழுக்க ஓட வேண்டுமென்றால் அது தமிழ் பேசியாக வேண்டும்.

தமிழ் பேசிய முதல் கிறிஸ்துமஸ் படமாக நான் பார்த்தது, தெலுங்கிலிருந்து டப் ஆன ‘கருணாமூர்த்தி’. கீழேயிருந்து சபைக்காரர்கள் ஜீப்பில் புரொஜெக்டரும் ஜெனரேட்டரும் கொண்டுவருவார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்து மைதானத்தில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் திரை கட்டுவார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களுக்குப் படம் இடவலம் மாறித் தெரியும், குரல் மட்டும் மாறாது. மலையில் டிசம்பர் இரவென்றால் மஞ்சு இறங்காமல் இருக்குமா? அது புரொஜெக்டர் வெளிச்சத்தின் குறுக்கே புகுந்துவிட்டால் திரையில் முகமெல்லாம் கரைந்துபோகும். கொஞ்ச நேரத்துக்குப் படமே இருக்காது. ஒலிபெருக்கிக் குழாயில் உங்கள் குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள், கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இயேசு சிலுவை சுமக்கும் இடத்தில் என் பாட்டி, சுடலைமாடனைத் தவிர வேறு சாமி அறியாதவள், சத்தமாகவே திட்டினாள்: “பெத்தவ கண்ணு முன்னாடியேவா இப்படிப் பண்ணுவானுவ, வெளங்காத பயலுவ!” தெலுங்கு நடிகரின் முகத்தையும் உங்களில் யாரோ ஒருவரின் தமிழ்க் குரலையும் அவள் தனித்தனியாகப் பார்க்கவே இல்லை. உங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பரிசு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு தமிழ்ச் சங்கதி இருப்பது பிறகுதான் தெரிந்தது. ‘கருணாமயுடு’ என்ற பெயரில் தெலுங்கில் எடுத்தது. விஜயசந்தர் இயேசுவாக நடித்தார். இயக்கியவர் ஏ. பீம்சிங். ‘பாகப்பிரிவினை’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ என்று ‘ப’ வரிசையில் தமிழ்நாட்டையே அழவைத்தாரே, அவரேதான். 1961இல் வந்த அவருடைய ‘பாவமன்னிப்பு’ படத்தில் சிவாஜி ரஹீமாக வருவார், தேவிகா மேரியாக வருவார். எல்லா மதமும் ஒரே முற்றத்தில் புழங்கும் கதை அவருக்குப் பழக்கமானதுதான். 1978 ஜனவரியில் பீம்சிங் காலமானார். ‘கருணாமயுடு’ திரைக்கு வந்தது அதே ஆண்டு டிசம்பரில். ஒரு குடும்பத்தின் கண்ணீரை எப்படிப் படமாக்குவது என்று தெரிந்த மனிதர் எடுத்ததால்தான், பெத்லகேமும் எருசலேமும் எங்கள் பாட்டிக்குப் பக்கத்து ஊராகத் தெரிந்தன என்பது என் கணிப்பு. மலையாளத்தில் அதே படம் ‘மிசிஹாசரித்ரம்’. மலைக்குக் கீழே அதைப் பார்த்தார்கள், மலைமேல் நாங்கள் உங்கள் தமிழைக் கேட்டோம்.

1979இல் வெளிவந்த ‘இயேசு’ படத்தையும் இதே போலத் திரை கட்டித்தான் பார்த்தோம். லூக்கா எழுதின சுவிசேஷத்தை ஒட்டி, இஸ்ரேலிலேயே போய் எடுத்த படம். பிரையன் டீக்கன் என்ற பிரிட்டிஷ் நடிகர் இயேசுவானார். இதுவரை 2,000க்கும் மேற்பட்ட மொழிகளில் அந்தப் படம் பேசியிருக்கிறது. உலகத்தில் வேறு எந்தப் படமும் இத்தனை மொழி பேசியதில்லை. ஒரு முகத்துக்கு ஆயிரக்கணக்கான குரல்கள். படமாக எனக்கு அது ‘கருணாமூர்த்தி’ அளவுக்கு ஒட்டவில்லை, சொல்லிவிடுகிறேன். காட்சிகள் பாடப்புத்தகம் மாதிரி வரிசையாகப் போகும். ஆனால் தொழுவத்தில் பிள்ளை பிறக்கிற அந்தச் சில நிமிஷத்துக்காக டிசம்பரில் மறுபடியும் போட்டாலும் உட்காருவேன்.

பிறகு டி.வி. வந்தது, டிஷ் வந்தது, அதோடு ‘ஹோம் அலோன்’ வந்தது. எட்டு வயசுப் பையன் கெவினை வீட்டில் மறந்துவிட்டுக் குடும்பமே பாரிசுக்கு விமானம் ஏறிவிடும். ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்துக்கொள்கிற லயத்தில் இந்தக் கதை எப்படி எடுபட்டது என்பதே ஆச்சரியம். ஒரு பிள்ளையை மறந்துவிட்டுப் போகிற அளவுக்குப் பெரிய வீடு எப்படி இருக்கும் என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. அந்த வீட்டைக் கொள்ளையடிக்க வந்த திருடன் மூஞ்சியில் இஸ்திரிப் பெட்டி மேலிருந்து விழுந்த பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டுப் படம் வரும்போது இசையும் சத்தங்களும் மட்டும் தனி டிராக்காக வரும். பேச்சு இருந்த இடம் காலி. வசனம் மட்டும் பேசினால் போதாது. மூச்சு வாங்குவது, முனகுவது, இருமுவது, விக்குவது, சிரிப்பை அடக்குவது எல்லாமே நீங்கள் புதிதாகப் போட வேண்டும். படத்துண்டைச் சுற்றுக் கட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, உதடு ஒட்டுகிறவரை பேசிய காலம் ஒன்று இருந்தது. இப்போது கம்ப்யூட்டரில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போகிறீர்கள். திரையில் ஒரு குடும்பமே சேர்ந்து சாப்பிடும், மைக்கின் முன்னால் நீங்கள் ஒற்றை ஆளாக நிற்பீர்கள். சின்னப் பையன்களுக்குப் பெரும்பாலும் பெண்கள்தான் குரல் கொடுக்கிறார்களாம். ‘ஹோம் அலோன்’ திருடர்கள் இருவரும் மாறி மாறி அலறுகிற அலறலுக்கு யாருடைய தொண்டையோ புண்ணாகியிருக்கும். ஒரு டேக் சரியில்லை என்றால் மறுபடியும் அலற வேண்டுமே.

ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டியது அலறலுக்கு அல்ல. அந்தப் படத்தில் ஒரு தேவாலயக் காட்சி உண்டு. தெருவே பார்த்துப் பயப்படுகிற கிழவர் மார்லி, கெவின் பக்கத்தில் வந்து உட்காருவார். பின்னால் பிள்ளைகளின் பாடல். மகனோடு சண்டை, பேச்சு வார்த்தை இல்லை, பேத்தியைத் தூரத்திலிருந்து பார்க்க மட்டும் வந்திருக்கிறேன் என்பார். போன் போட்டுப் பேசுங்களேன் என்பான் பையன். எதிர்முனையில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அந்தக் கிழவர் தயங்குகிற இடத்தில் தமிழ்க் குரல் ஒரு நொடி அடைத்துக்கொள்கிறது. எங்கள் லயத்தில் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அது படத்தை எழுதிய ஜான் ஹியூஸின் திறமைதான், இயக்கிய கிறிஸ் கொலம்பஸின் திறமைதான். எங்களிடம் அதைக் கொண்டுவந்து சேர்த்தது உங்கள் தொண்டை.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? கிறிஸ்துமஸ் படம் என்று உலகம் கொண்டாடுகிற பல படங்கள் கிறிஸ்துமஸுக்கு வந்தவையே அல்ல. ‘டை ஹார்ட்’ 1988 ஜூலையில் வந்தது. சாண்டா கிளாஸைக் கோர்ட்டில் நிறுத்துகிற ‘மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ 1947இல் கோடையில் வந்தது. பிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ பனிக் காட்சிகளை 1946இன் வெயில் காலத்தில் எடுத்தார்கள். அதுவரை ஹாலிவுட்டில் பனி என்றால் பெரும்பாலும் வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸ்தான். அதன்மேல் நடந்தால் நொறுநொறுவென்று சத்தம் வந்து வசனத்தைக் கெடுத்துவிடும், பிறகு தனியாக டப்பிங் செய்ய வேண்டும். தீயணைப்பு நுரையையும் சோப்பையும் கலந்து சத்தம் போடாத பனியை அந்தப் படத்துக்காகத்தான் கண்டுபிடித்தார்கள். (உங்கள் தொழிலுக்கு ஒரு வேலையைக் குறைத்துவிட்டார்கள், மன்னித்துவிடுங்கள்.) வந்தபோது வசூலில் விழுந்த படம் அது. 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அமெரிக்க டி.வி. நிலையங்கள் காசில்லாமல் கிடைக்கிறதே என்று வருஷா வருஷம் டிசம்பரில் போட்டுப் போட்டு அதைக் கிறிஸ்துமஸ் படமாக்கின. கிறிஸ்துமஸ் படம் வேறு நாளில் வருகிற கூத்து நம் பக்கத்திலும் உண்டு. விஜய் சேதுபதியை வைத்துத் தமிழிலும் இந்தியிலுமாக ஸ்ரீராம் ராகவன் எடுத்த படத்தின் பெயரே ‘மெரி கிறிஸ்துமஸ்’. தியேட்டருக்கு வந்தது 2024 பொங்கலுக்கு!

சொன்ன தேதிக்குச் சரியாக வந்தது ‘மின்னல் முரளி’. 2021 டிசம்பர் 24. பேசில் ஜோசப் இயக்கம், டொவினோ தாமஸ் தையல்காரர். படத்திலும் கிறிஸ்துமஸ் நேரத்தில்தான் மின்னல் தாக்கும். எங்கள் வீட்டில் அதைத் தமிழில்தான் பார்த்தோம், பாட்டிக்காக. மலையாளம் தெரிந்த நாங்கள் முதலில் முகம் சுளித்தோம், கால் மணி நேரத்தில் மறந்துவிட்டோம். பனி இல்லாத, வாசலில் நட்சத்திர விளக்கும் திண்ணையில் இயேசு பிறந்த தொழுவமாகச் செய்து வைத்த புல்க்கூடும் இருக்கிற கிறிஸ்துமஸ் எங்களுக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ். வில்லன் ஷிபு காதலுக்காக ஏங்குகிற இடத்தில் குரு சோமசுந்தரத்தின் முகம் முக்கால்வாசி செய்துவிடுகிறது. அவர் மதுரைக்காரர், தமிழ் அவருக்குச் சொந்த வீடு.

இனி ஒரு விண்ணப்பம். ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தை எங்கள் லயத்தில் தமிழில் போட ஆசை. ஏழைகளுக்கு வீட்டுக் கடன் கொடுக்கிற சின்ன நிறுவனம், அதை விழுங்கப் பார்க்கிற பணக்காரர், காணாமல் போன 8,000 டாலர், ஊரே திரண்டுவந்து காசைக் கொட்டுகிற கடைசிக் காட்சி. சம்பள பாக்கியும் பி.எப். பாக்கியும் பார்த்துப் பழகிய தோட்டத் தொழிலாளிக்கு இந்தக் கதையை யாரும் விளக்கவே வேண்டாம். அந்த நிறுவனத்தை நடத்துகிற ஜார்ஜ் பெய்லிக்கு உங்களில் ஒருவர் குரல் கொடுங்கள்.

சேனல்காரர்களுக்கும் ஓ.டி.டி.காரர்களுக்கும் ஒரு வார்த்தை. படம் முடிந்ததும் தமிழ்க் குரல் தந்தவர்களின் பெயரைத் தமிழில், படிக்கிற அளவுக்கு நிறுத்திக் காட்டுங்கள். சில ஓ.டி.டி.களில் அந்தப் பெயர்கள் கடைசியில் வரத்தான் செய்கின்றன. அதற்குள் அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறது திரை. இதைப் படிக்கிறவர்களும் இந்த டிசம்பரில் ரிமோட்டைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அந்தப் பெயர்களைப் படித்துவிட்டு டி.வி.யை அணையுங்கள்.


பொன்முடி தேயிலைத் தோட்டத்து ரசிகன் ஒருவன்