சமயபுரம் வழியில் உண்ணிப்பூ

மாசி கடைசி ஞாயிறு. பூச்சொரிதலுக்குச் சமயபுரம் போயிருந்தோம். அன்று முதல் 28 நாள் அம்மனுக்கே பச்சைப்பட்டினி விரதம். கூடை கூடையாகப் பூ வந்து குவிகிறது!

திரும்பும் வழியில், வேலியோரம் மஞ்சளும் சிவப்புமாய் உண்ணிப்பூ. "வீட்டிலே வைக்கலாமாக்கா?" என்றாள் கைக்குழந்தையோடு வந்த ஓரகத்தி.

"குழந்தை விவரம் தெரிஞ்சு வளரட்டும்மா" என்றேன். அதன் பச்சைக் காய் பிள்ளைகள் வாய்க்குப் போகக்கூடாது. இலையோ ஆடுமாடுகளுக்கு நஞ்சு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் அழகுக்காக இங்கே கொண்டுவந்த செடி, பறவைகள் விதை பரப்ப, முதுமலைக் காட்டையே வளைத்துக்கொண்டது.

சகோதரிகளே, ஏற்கெனவே வைத்திருந்தால் தொட்டியோடு நிறுத்துங்கள். நல்ல வெயில், அளவான தண்ணீர் போதும். பூ வாடியதும் கொத்தோடு கிள்ளிவிடுங்கள். காய் பிடிக்காது, புதுத் துளிரில் மறுபடி பூக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டுக்குச் செம்பருத்தி இருக்கவே இருக்கிறதே!