காங்கேசன்துறைக்கு வந்த கப்பல்

வரக்காப்பொல வாசிகளுக்கு உல்லாசப் பயணம் என்பது புதிய காட்சியல்ல. கொழும்பு - கண்டி வீதி எங்கள் ஊரின் நடுவால் ஓடுகிறது. ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியா போகும் வேன்கள் அதிகாலையிலிருந்தே வரிசை கட்டிவிடும். தலகுளிக் கடைகளுக்கு முன்னால் அவை நிற்கும். புது மாப்பிள்ளை இறங்கி எள்ளுருண்டைப் பொதி வாங்குவார். மணப்பெண் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்பத்தேழு வருடங்களாக மற்றவர்கள் பயணம் போவதைப் பாதையோரத்தில் நின்று பார்த்து வருபவன் நான்.

என்னிடம் இஸ்லாம் பாடம் படித்த பிள்ளைகள் இப்போது வளர்ந்து, கலியாணம் முடித்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஸலாம் சொல்ல வருகிறார்கள். முன்பு, "ஹஸரத், நுவரெலியா நல்லதா, அறுகம்பை நல்லதா?" என்று கேட்டவர்கள், இப்போது "கப்பலில் போகலாமா? தொழுகைக்கு என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். ஓதிக்கொடுத்தவன் என்பதால் உலக விஷயமும் எனக்குத் தெரிந்திருக்கும் என்பது அவர்களுடைய எண்ணம்.

தொழுகை விஷயம் இலகுவானது. கப்பலில் நிற்க முடிந்தவர் நின்று தொழ வேண்டும். தலை சுற்றி விழப்பார்ப்பவர் உட்கார்ந்து தொழலாம். பர்ழான தொழுகையில் கப்பல் திரும்பினால் தொழுபவரும் கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். நம் முன்னோர்கள் ஹஜ்ஜுக்குக் கப்பலில் போன காலத்தில் சாதாரணமாகத் தெரிந்து வைத்திருந்த சட்டங்கள்தாம் இவை. இப்னு பதூதா 1344ல் மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்டு, காற்றடித்து நம் நாட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தாரே, அவரும் இப்படித்தான் தொழுதிருப்பார். காற்று அவரை இங்கே தள்ளாதிருந்தால் நம் சப்ரகமுவ மலையில் ஏறிப் பாவாத மலையைப் பார்த்த கதையே இல்லாமற் போயிருக்கும்.

உலக விஷயத்தில் நான் சொல்வது வேறு. இன்றைய உல்லாசக் கப்பல் ஊருக்குப் போகும் வாகனமல்ல, அதுவே ஒரு ஊர். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஐகொன் ஒப் த சீஸ்' என்ற கப்பலில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் ஏறலாம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ கிராமங்களில் அவ்வளவு சனம் இல்லை. விளம்பரத்தில் போடும் விலை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஆளொருவருக்கு உரியது. துறைமுகக் கட்டணம், பணியாளர்களுக்கான கொடுப்பனவு, கரையில் இறங்கிச் சுற்றும் பஸ் என்பவற்றைத் தனியாகக் கேட்பதும் உண்டு. மலிவான அறைக்கு ஜன்னலே கிடையாது. கடலுக்குப் போய்க் கடலைப் பார்க்காமல் படுக்கலாம்! சூதாட்டக்கூடமும் மதுச்சாலையும் அநேகமான கப்பல்களில் உண்டு. ஹலால் சமையலறை வைத்திருக்கும் கப்பல்கள் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடுகின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. 2020 பெப்ரவரியில் யொகோஹாமாவில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் சுமார் 3,700 பேர் அடைபட்டு, 700க்கு மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றிய கதையையும் சொல்வேன். அதைக் கேட்டால் புதுப்பெண்ணின் முகம் மாறும். மாப்பிள்ளை என்னை முறைப்பார்.

இவ்வளவு ஆலோசனை சொல்பவன் தன் வீட்டில் என்ன செய்தான் என்பதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

என் உம்மா ஆறு வருடங்கள் பாயோடு கிடந்து, 2024ன் தொடக்கத்தில் வபாத்தானார். அந்த ஆறு வருடங்களும் அவரைப் புரட்டிப் படுக்க வைத்ததும், கழுவித் துடைத்ததும், கஞ்சி ஊட்டியதும் என் மனைவிதான். நான் பாடசாலை, பள்ளிவாசல், மாலை வகுப்பு என்று வெளியில் இருந்தவன். மனைவியின் கடைசித் தம்பி தோஹாவில் நல்ல வேலையில் இருக்கிறார். நாற்பது கழிந்ததும் ஒருநாள் அழைத்து, "மச்சான், ராத்தா எங்கேயும் போனதில்லை. நான் டிக்கட் போட்டுத் தாறன். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் கப்பல். ரெண்டு பேரும் போய் வாங்கோ" என்றார்.

நான் உடனே, "அவவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் கடுகண்ணாவ ஏறினாலே வாந்தி எடுப்பா" என்று சொல்லிவிட்டேன். மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

பிறகு வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. மகள் நுவரெலியா என்றாள். மகன், பதுளை ரயிலில் ஏறித் தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கலாம் என்றான். அந்தக் காசை உம்றாவுக்குச் சேர்த்து வைப்போம் என்பது என் கட்சி. டொலர் இருந்த நிலையையும் எடுத்துச் சொன்னேன். 2022ன் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்தது சில மாதங்களில் 360ஐத் தாண்டிய பயம் எங்கள் யாருக்கும் இன்னும் போகவில்லை. வாய் திறக்காதவள் மனைவி ஒருத்திதான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துச் சம்பளப் பத்திரம் ஒன்றைத் தேடி அலுமாரியைக் கிளறியபோது, அவளுடைய துணிகளுக்கடியில் மடித்து வைத்த பத்திரிகைத் துண்டு ஒன்று கிடைத்தது. 2023 ஜூனில் வந்த செய்தி. சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை என்று வந்து காங்கேசன்துறையை அடைந்த செய்தியும் படமும். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அவளுக்குக் கப்பலில் ஏறும் ஆசை ஒரு வருடமாக இருந்திருக்கிறது. நானோ அவளுடைய வாயால் பதில் சொல்லிவிட்டேன்!

அன்றிரவு துண்டைக் காட்டி, "ஆசை இருந்தால் சொல்லியிருக்கலாமே. தம்பிக்குச் சொல்லவா?" என்றேன்.

அவள் அதை வாங்கி மடித்தாள். "நான் கப்பலை வெட்டி வைக்கேல்லை. அதில காங்கேசன்துறை எண்டு எழுதியிருந்தது" என்றாள்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவி யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று கட்டளையிடப்பட்டபோது அவளுக்குப் பத்து வயது. இன்று தோஹாவில் இருக்கும் தம்பியை அன்று அவள்தான் இடுப்பில் சுமந்து நடந்தாள். அவருக்கு ஊர் நினைவே இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை. வடக்கிலிருந்து அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோரைப் போல இவர்களும் புத்தளத்தில் முகாமில் இருந்து, பிறகு அங்கேயே குடியேறினார்கள். 2003ல் அவளை நான் மணமுடித்தேன். இருபது வருடம் வரக்காப்பொலயில் இருந்தும் அவள் இன்னும் "ஓம்" என்றும் "எண்டு" என்றும்தான் சொல்வாள். பிள்ளைகள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2012ல் ஆசிரியர் சுற்றுலா ஒன்றில் நான் யாழ்ப்பாணம் போனேன். நூலகத்தையும் கோட்டையையும் பார்த்து, பனங்கட்டியும் வாங்கி வந்தேன். "ஐஞ்சு சந்திக்குப் போனீங்களா?" என்று அவள் கேட்டாள். நேரம் கிடைக்கவில்லை என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மச்சினரிடம் சொன்னபோது அவருக்கு ஏமாற்றம். "அங்க பஸ்ஸிலயே போகலாமே, அதுக்கு என்னத்துக்கு நான்?" என்றார். கப்பலில் போனாலும் துறைமுகத்தில் சில மணி நேரம்தான் தருவார்கள், அதற்குள் கோயிலையும் கோட்டையையும் காட்டிவிட்டு ஏற்றிவிடுவார்கள், ராத்தாவுக்கு ஒரு தெருவைப் பார்க்கவே முழுநாள் வேண்டும் என்று விளக்கினேன். கடைசியில், நல்ல அறை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு காசு அனுப்பினார்.

2024 ஓகஸ்ட் விடுமுறையில் புறப்பட்டோம். குருநாகலுக்குப் போய் யாழ்ப்பாணம் பஸ் பிடித்தோம். ஆனையிறவு தாண்டும்வரை அவள் கண்ணை மூடவில்லை. வாந்தியும் எடுக்கவில்லை.

சோனகத் தெருவில் இடிந்த சுவர்களும் புது வீடுகளும் கலந்து கிடந்தன. மீளக் குடியேறியவர்களின் கடைகள் சில இருந்தன. ஒஸ்மானியாக் கல்லூரியைத் தாண்டியதும் அவள் எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவள் எனக்கு முன்னால் நடந்ததை அன்றுதான் கண்டேன். அவர்களுடைய வளவில் இப்போது வேறு வீடு. ஓய்வு பெற்ற தமிழ் அம்மையார் ஒருவர் இருந்தார். இன்னாருடைய மகள் என்று சொன்னதும் கேற்றைத் திறந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி போட்டார். "உங்கட வாப்பா நல்ல மனுசன். மூத்த பிள்ளைக்குக் கலியாணம், காசு வேணும் எண்டுதான் அவசரத்தில வித்தவர். கொஞ்சம் பொறுத்திருந்தா நல்ல விலை வந்திருக்கும்" என்றார்.

மூத்த பிள்ளை என் மனைவிதான். நான் ஒரு சதம் கைக்கூலி வாங்காமல் மணமுடித்தவன். இதை மிம்பரில் நின்றும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அலுமாரி, கட்டில், பிள்ளைக்குக் கொஞ்சம் நகை, "உங்கட விருப்பம்" என்று என் உம்மா புத்தளத்துக்குச் சொல்லி அனுப்பியதும், எல்லாம் லொறியில் வந்து இறங்கியதும் எனக்குத் தெரியும். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. அந்தப் பத்திரிகைத் துண்டு இருந்ததும் அதே அலுமாரியில்தான். மனைவி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய கிணறு அப்படியே இருந்தது. அவள் தண்ணீர் அள்ளி வுழூச் செய்தாள். அஸர் நேரம் ஆகியிருந்தது. அம்மையார் உள்ளறையைக் கூட்டிப் புதுப் பாய் விரித்துத் தந்தார். பாயில் நின்றவள் திரும்பி என்னிடம், "நான் இங்க பயணியா? ரெண்டா தொழுறதா, நாலா?" என்று கேட்டாள்.

அரபுக் கல்லூரியில் இந்தப் பாடத்தை நான் நன்றாகவே படித்தவன். பிறந்த ஊரை விட்டு வேறு ஊரை நிரந்தர இருப்பிடமாக்கிக்கொண்டவர், பிறந்த ஊருக்குச் சில நாட்கள் தங்க வந்தால் அவரும் பயணிதான். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அந்தச் சட்டத்தை அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "கஸ்ர் செய்யலாம். நாலாகத் தொழுதாலும் கூடும்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் நாலு ரக்அத் தொழுதாள்.

அடுத்த நாள், கடலையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறினோம். அங்கிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகு. தோஹா மச்சினரின் கப்பலில் இருக்கும் வசதி ஒன்றும் அதில் இல்லை. உயிர்காப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு, அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், பாடசாலை ஆசிரியைமார் நடுவில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். காற்று பலமாக இருந்தது. பாதி வழியில் வாந்தி எடுத்தவன் நான். அவள் என் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே பக்கத்திலிருந்த ஆசிரியையிடம், "இவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது" என்றாள்.

தீவில் முருகைக்கல் வேலிகளையும், காட்டுக் குதிரைகளையும், அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரத்தையும் பார்த்தோம். அந்த மரத்தின் பொந்துக்குள் அவள் போய் நின்றாள். நான் படம் எடுத்துத் தோஹாவுக்கு அனுப்பினேன். மச்சினரிடமிருந்து உடனே அழைப்பு வந்தது. மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ராத்தா, எங்கட வீட்டில கிணறு இருந்ததா? அதையும் படம் எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

எடுத்திருக்கவில்லை. மறுநாள் பஸ் ஏறுமுன் மீண்டும் சோனகத் தெருவுக்குப் போனோம்.