மழையில நனைஞ்சா காய்ச்சல் வருமா?

மாரி தொடங்கினால் எங்கட வகுப்புகளில் இடாப்பு குறிக்கும்போதே தெரிந்துவிடும். "பிள்ளை நனைஞ்சிட்டான் டீச்சர், தடிமனும் காய்ச்சலும்" என்று உம்மாமார் சொல்லியனுப்புவார்கள். மழை பெய்ய முதலே லீவு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

உம்மாமார் சொல்வது முழுப் பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. தடிமனைத் தருவது வைரஸ். அது இல்லாத இடத்தில் எவ்வளவு நனைந்தாலும் தடிமன் பிடிக்காது. இங்கிலாந்தின் சோல்ஸ்பரியில் 1946 முதல் தடிமனுக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. விரும்பி வந்தவர்களைக் குளிக்க வைத்து, ஈரத்தோடு காற்றடிக்கும் இடத்தில் நிற்கவிட்டுப் பார்த்தார்கள். தடிமன் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் 2005இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 180 பேரை எடுத்து, பாதிப்பேரின் கால்களை 20 நிமிடம் குளிர்நீரில் வைத்தார்கள். அடுத்த சில நாட்களில் அவர்களில் 29 சதவீதமானோருக்குத் தடிமன் அறிகுறிகள் வந்தன, மற்றவர்களில் 9 சதவீதம்தான். குளிரில் மூக்கின் இரத்தக் குழாய்கள் சுருங்க, ஏற்கெனவே உள்ளே இருந்த வைரஸ் தலைதூக்கியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

எங்கட ஊரில் அந்தளவு குளிர் ஏது? இங்கே சாரலுக்கு ஜன்னல்கள் சாத்தப்படும், நாற்பது பிள்ளைகள் ஒரே காற்றைச் சுவாசிப்பார்கள். பின்னேரம் மதரஸாவிலும் அதே கதைதான். ஒருவன் தும்மினால் போதும்.

இவ்வளவும் எழுதியது தடிமனுக்காக அல்ல. "நனைஞ்ச காய்ச்சல்" என்ற பெயர்தான் பயமாக இருக்கிறது. மழையோடு சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் கூரைப் பீலியிலும் தண்ணீர் தேங்கி, டெங்கு நுளம்பு பெருகும் காலமும் இதுதான். வயலில் இறங்கும் வாப்பாமாருக்கு எலிக்காய்ச்சல் வருவதும் இப்போதுதான். அதற்குத் தடுப்பு மாத்திரை பற்றி எம்.ஓ.எச். காரியாலயத்தில் கேட்கலாம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், நிறைக்கேற்ற அளவில் பனடோல் மட்டும் கொடுங்கள். ஐபுபுரோபன், டிக்ளோபெனாக் குளிசைகள் வேண்டாம், டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று சீருடை மாட்டிவிடுவதுதான் பெரிய ஆபத்து. டெங்குவில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், எழும்ப முடியாத சோர்வு என்று ஏதாவது ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான், விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கவேண்டாம்.

நனைந்து வந்த பிள்ளைக்குத் தலையைத் துவட்டி, உடுப்பை மாற்றி, சுடச்சுட மல்லித்தண்ணி கொடுங்கள், அதில் குறையில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் வகுப்பாசிரியருக்கு ஒரு கோல் எடுத்துச் சொன்னால் போதும். விட்ட பாடங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.