முதற் கப்பற் பயணிக்குச் சில சொற்கள்

கடலையே காணாத மலைநாட்டிற் பிறந்தவன் கப்பற் பயணத்துக்கு அறிவுரை கூற முற்படுவது நகைப்புக்கிடமானது என்று கருதுவோர் இருக்கலாம். அவர்கள் கருதுவது தவறுமன்று. பதுளைக்கும் பசறைக்கும் இடையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து வளர்ந்த எனக்குப் பதினெட்டு வயது வரை கடல் என்பது புவியியற் பாடநூலில் நீல நிறம் பூசப்பட்ட இடமாகவே இருந்தது. பெருங்கப்பல் எதிலும் இன்றுவரை நான் ஏறியதுமில்லை. எனினும், கப்பலேறப் போகும் ஒருவருக்கு வழி சொல்லும் பொறுப்பு என் வாழ்நாளில் இரு முறை என்மீது வீழ்ந்தது. இரு முறையும் கப்பலேறியவர் ஒருவரே. அவர் என் தந்தையாரின் தங்கை. முதன்முறை 1976 ஆம் ஆண்டு. மறுமுறை 2023 ஆம் ஆண்டு. இவ்விரண்டையும் எண்ணிப் பார்க்கையில் என்னுள் எழும் சில நினைவுகளை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

2023 ஜூன் மாதம் முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணக் கப்பலொன்று அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்து செல்லத் தொடங்கிற்று. கோயம்புத்தூரிற் கணக்காளராகப் பணிபுரியும் என் அத்தை மகன் தன் தாயாரை அதில் அழைத்துவரத் தீர்மானித்து எனக்கு எழுதினான். “மச்சான், அம்மா இலங்கையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். விமானம் என்றால் அச்சம். கப்பலென்றால் ஒருமுறை வந்த பழக்கம் உண்டு என்கிறார்கள். எங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது. நீங்கள் விசாரித்துச் சொல்லுங்கள்” என்பது அவன் கடிதம்.

படித்தும், சென்று வந்தோரிடம் கேட்டும் நான் எழுதியனுப்பிய குறிப்புகள் இவை. முதன்முறை செல்வோர் எவர்க்கும் பயன்படக்கூடும் என்பதால் அவற்றைச் சுருக்கித் தருகின்றேன்.

பெரிய மூட்டைகளைத் துறையிலேயே வாங்கிக்கொள்வர். அவை அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் செல்லும். ஆகவே கடவுச்சீட்டு, மருந்து, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்திருத்தல் வேண்டும். கப்பலில் ஏறும்போது தரப்படும் அட்டையே அறைக்குத் திறவுகோல், அதுவே பணப்பை, இறங்கி ஏறுவதற்கான அடையாளச் சீட்டும் அதுவே. அதை உடலோடு வைத்திருப்பதே அறிவுடைமை.

அறையைத் தெரிவு செய்வோர் கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தட்டிலும் உள்ளதைக் கேட்டுப் பெறுக. கப்பலின் முனைகளும் மேல்தட்டுகளும் அதிகம் ஆடும். நடுவே ஆட்டம் குறைவு. உட்செவி உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒன்றோடொன்று முரண்படும்போதே தலைசுற்றல் தோன்றுகிறது. ஆதலால் அறைக்குள் முடங்கிக் கிடவாது, வெளியே வந்து தொடுவானத்தை நோக்கியிருத்தல் நன்று. வெறும் வயிறும் ஆகாது. நிறைந்த வயிறும் ஆகாது. இஞ்சி உதவும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் தென்கடல் கொந்தளிப்பது என்பதையும் மறத்தலாகாது.

பலர் கூடி உண்ணும் இடமாதலின் வயிற்றுப்போக்குக் கிருமி ஒருவரிலிருந்து மற்றவர்க்கு எளிதிற் பரவும். உண்பதற்கு முன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதலே காப்பு. கரை மறைந்ததும் கைத்தொலைபேசி செய்மதி வழியாக இணைந்துவிட்டாற் பெருந்தொகைக்குப் பற்றுச்சீட்டு வரும். அதை முன்கூட்டியே துண்டித்து வைத்தல் வேண்டும்.

கப்பல் புறப்படுமுன் பயணிகள் அனைவரையும் குறித்த இடத்திற் கூட்டி, மிதவை அங்கி அணியும் முறையையும் உயிர்காப்புப் படகு நிற்கும் இடத்தையும் காட்டுவர். இதைச் சிலர் வீண் சடங்கென்று எண்ணித் தவிர்க்கின்றனர். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் கொஸ்தா கொன்கோர்டியா என்னும் பெருங்கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டனர். அன்று புதிதாக ஏறிய பயணிகள் பலருக்கு அப்பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னரே, புறப்படுவதற்கு முன்போ புறப்படும்போதோ அதை நடத்தியே ஆகவேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டது. இப்பகுதியை மட்டும் அத்தைக்கு விளங்கும் மொழியில் எழுதினேன்: “கப்பலிலும் பிரட்டு உண்டு. பிரட்டுக்குப் பிந்தாதீர்கள்.” விடியற்காலையிற் பிரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இறுதியாக, இடையிலே துறையில் இறங்குவோர் குறித்த நேரத்துக்கு ஒரு மணியேனும் முன்னதாகத் திரும்பிவிட வேண்டும். கப்பல் எவருக்காகவும் காத்திராது. இது புதிய செய்தியன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், சாவகம் நோக்கிச் சென்ற கப்பல் மணிபல்லவத்தில் தங்கியபோது இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிய மாலுமிகள் இரவிற் பாய் விரித்துச் சென்றுவிட்டனர். எல்லோர்க்கும் சோறளித்த அட்சய பாத்திரத்தைக் கையில் வைத்திருந்தும், உண்பாரற்ற தீவில் அவன் உயிர் நீத்தான். அம்பாந்தோட்டையிலிருந்து பதுளைக்குச் செல்வதற்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். ஆதலின் தோட்டத்துக்கு வந்து போகலாம் என்று எண்ணவே வேண்டாம், நானே துறைமுகத்துக்கு வருகிறேன் என்று எழுதி முடித்தேன்.

எழுதி முடித்த பின்னரே இவற்றுட் பல எனக்குப் புதியன அல்ல என்பது புலப்பட்டது. தாள்களை உடலோடு வை, அளவாக உண், நடுவில் இரு. இவை யாவும் 1976 ஆம் ஆண்டு என் கையாற் பிரித்து, என் வாயால் வாசித்த ஒரு கடிதத்தில் இருந்தவை.

அக்கடிதத்தின் பின்னணியை இளைய தலைமுறையினர் பொருட்டுச் சிறிது கூறுதல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என மதிப்பிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரு மாதங்கள் நிறைவதற்குள், 1964 டிசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஓடிய கப்பற் சேவை பின்னர் இராமேசுவரத்துக்கு மாறிற்று. தாயகம் திரும்புவோர் எனப் பெயரிடப்பட்ட எம்மவர் அவ்வழியே சென்றனர். 1984 இல் அச்சேவையும் நின்றது.

ஒப்பந்தம் தலைகளை எண்ணியது, குடும்பங்களை எண்ணவில்லை. எங்கள் லயத்திலே என் தந்தையார் இலங்கைப் பிரசாவுரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவர் தமையனும், அத்தையை மணந்த மாமாவும் இந்தியாவைக் கேட்டனர். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பசி தலைவிரித்தாடியதைக் கண்டவர்கள் அவர்களைக் குறை கூறமாட்டார்கள். பெரியப்பா 1975 இற் போனார். அத்தையின் முறை மறு ஆண்டு வந்தது.

கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன் கொண்டு செல்லும் வழக்கமில்லை என்பது தொல்காப்பியர் அகத்திணையியலிற் கூறும் மரபு. பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் அப்பகுதியைப் பாடமாகக் கேட்டபோது என் மனம் பதுளைப் புகையிரத நிலையத்துக்குச் சென்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணின்றித் தேயிலைத் தோட்டமில்லை. எங்கள் பெண்கள் வரும்போதும் கடல் கடந்தனர். போகும்போதும் கடல் கடந்தனர். அவர்களுக்கென இலக்கணம் எழுதுவார் இல்லை.

அத்தை புறப்படுவதற்குப் பத்து நாள்களுக்கு முன் பெரியப்பாவின் கடிதம் வந்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. லயத்துக்கு வரும் கடிதங்களை வாசிப்பவன் நானே. அன்று மாலை காம்பராவின் முன்னே அப்பாயி, அத்தை, மாமா, அயல் வீட்டார் எனப் பதினைந்து பேர் கூடியிருந்தனர். நான் உரத்து வாசித்தேன். பாஸ்போட்டையும் குடும்ப அட்டையையும் துணிப்பையிலிட்டு இடுப்பிற் கட்டிக்கொள்ள வேண்டும். கோச்சியிற் பொல்காவலையில் மாறும்போது பிள்ளைகளைக் கையைவிட்டு விடக்கூடாது. தலைமன்னாரில் காற்றுப் பலமாக இருக்கும். கப்பலில் ஏறுமுன் வயிறு முட்ட உண்ணாமல், எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் நில்லாமல் நடுவில் உட்கார வேண்டும். இறங்கியதும் காசு மாற்றித் தருகிறேன், வீடு பார்த்துத் தருகிறேன் என்று வருபவரை நம்பலாகாது. கூடியிருந்தோர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தனர். கடலையே அறியாத அவர்களுக்கு அக்கடிதம் வேதம்.

கடைசியில் இரண்டு வரிகள் இருந்தன. “இங்கே சொன்னபடி வேலை ஒன்றும் இல்லை. தங்கச்சியைக் கொஞ்சநாள் பொறுத்து வரச்சொல்ல முடியுமானால் சொல். முடியாதென்றால் கையில் இருக்கிறதை விற்காமல் வரச்சொல்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தை சிரித்த முகத்தோடு இருந்தார். அப்பாயி வளர்த்த மாடு முதல் நாளே விற்கப்பட்டிருந்தது. எல்லோர்க்கும் சுகம் கேட்டதாகச் சொல்லிக் கடிதத்தை மடித்தேன். அன்பினாற் செய்தேனா, அச்சத்தாற் செய்தேனா என்று இன்றும் என்னாற் கூறமுடியவில்லை. அதற்கடுத்த வாரம் அத்தை பதுளைக் கடைத்தெருவிலே தம் தோட்டினை விற்று, இங்கே தங்குவோர் ஒவ்வொருவருக்கும் புதுத்துணி எடுத்துத் தந்தார். எனக்கு ஒரு நீலச் சட்டை. அதை அணிந்துகொண்டுதான் புகையிரத நிலையத்தில் அவரை வழியனுப்பினேன். வண்டி நகர்ந்தபோது எழுந்த ஒப்பாரி தெமோதரைப் பக்கத்து மலைவரை கேட்டிருக்கும் என்று தந்தையார் பின்னர் கூறுவார்.

நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், அம்பாந்தோட்டைத் துறைமுக வாயிலில் அத்தையைக் கண்டேன். நரைத்த தலை, கழுத்தில் கப்பல் அட்டை. என் மனைவி செய்து தந்த ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் மரநிழலில் இருந்து உண்டார். லயத்தின் புகைப்படத்தைக் காட்டினேன். தொங்கல் காம்பரா இடிந்துவிட்டதையும் பலாமரம் நிற்பதையும் நெடுநேரம் பார்த்தார். பின்னர், யாதொரு முன்னுரையுமின்றிக் கேட்டார்.

“தம்பி, அன்னைக்கு அண்ணன் கடுதாசியில கடைசி வரிய விட்டுட்டுத்தானே வாசிச்ச?”

நான் பேச்சிழந்தேன்.

“அந்தக் கடுதாசிய எறிய மனசு வரல. பாஸ்போட்டோட சேத்துக் கொண்டுபோனேன். கூடலூருக்குப் போனப்பறம் அறிவொளிக்காரங்க ராத்திரியில எழுத்துச் சொல்லிக் குடுத்தாங்க. எழுத்துக்கூட்டி நானா வாசிச்ச மொதக் கடுதாசி அதுதான்.”

1990களில் தமிழ்நாடெங்கும் நடைபெற்ற எழுத்தறிவு இயக்கம் அது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக என்னிடம் மட்டும் இருப்பதாக நான் நம்பிய இரகசியம், அன்று முதல் அவரிடமும் இருந்திருக்கிறது.

“வாசிச்சிருந்தா போகாம இருந்திருப்பீங்களா, அத்தை?” என்றேன்.

“போயிருக்கத்தான் செய்வேன். பேரு அங்கிட்டு விழுந்திருச்சு, நாளும் குறிச்சாச்சு. வேற வழி ஏது? ஆனா தெரிஞ்சு போயிருப்பேன். அந்தத் தோட்டை விக்காம வச்சிருந்திருப்பேன். திருச்சிப் பக்கம் மொத ஒரு வருசம், வேல கெடைக்காம இருந்தப்ப, கையில அது ஒண்ணு இல்லாமத்தான் போச்சு.”

குரலிற் கோபமில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. சிறிது நேரத்தில் எழுந்து, “கப்பல் காத்திராதுன்னு நீதானே எழுதின” என்று கூறி, குறித்த நேரத்துக்கு ஒன்றரை மணிக்கு முன்னதாகவே வாயிலிற் போய் நின்றார். திரும்பிய பயணிகளுள் முதலில் ஏறியவர் அவராகவே இருந்திருக்க வேண்டும்.

பதுளைக்குத் திரும்பும் வழியில் ஒன்றை எண்ணிக்கொண்டேன். வழி சொல்பவன் பயணியின் பயணத்தைத் தடுக்கும் ஆற்றலுடையவன் அல்லன். அவன் தரக்கூடியது ஒன்றே. அது பயணி அறிந்து செல்லும் நிலை. எலுமிச்சம்பழத்தையும் துணிப்பையையும் சொல்லிவிட்டு, வேலையில்லை என்பதை மறைத்த அறிவுரை பாதி அறிவுரைகூட ஆகாது. துயரமான செய்தியைத் தாங்கும் வலிமை பிறர்க்கு இல்லையென்று நாமே தீர்மானிப்பது இரக்கம்போலத் தோன்றினும், அதனுள்ளே ஒருவகை அவமதிப்பும் இருக்கின்றது. எழுதப்படிக்கத் தெரிந்தவன் தெரியாதவர்க்குச் செய்யும் அவமதிப்பு அது.

இவ்விதழை வாசிக்கும் மாணவர்களுட் பலர் நாளை கடல் கடப்பீர்கள். அங்கிருந்து, பின்னே வரவிருப்போர்க்கு எழுதவும் செய்வீர்கள். கடவுச்சீட்டை எங்கே வைப்பது, கடல் ஆடும்போது எங்கே இருப்பது என்பவற்றை எழுதுங்கள். கடைசி இரண்டு வரிகளையும் எழுதுங்கள். பிறர்க்காக வாசிக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வருமாயின், அவ்வரிகளையும் வாசித்துவிடுங்கள்.