எடையும் பாசமும்

பிள்ளை போட்டியில் வெல்ல வேண்டுமென்று விரும்பாத பெற்றோர் இலர். ஆனால், அவ்வெற்றிக்காகப் பிள்ளையின் உடல் எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. மல்யுத்தம் பயிலும் பிள்ளைகளின் வீடுகளில் இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது.

மல்யுத்தத்தில் வயதோடு உடல் எடையையும் கொண்டு போட்டியாளரைப் பிரிக்கின்றனர். மெலிந்தவன் பெருத்தவனிடம் அகப்பட்டுத் துன்புறாதிருக்கவே இவ்வேற்பாடு. ஆயினும், எடையைத் திடீரெனக் குறைத்துக் கீழ்ப்பிரிவில் இறங்கினால் எளிதில் வெல்லலாம் என்ற ஆசை, காக்க வந்த விதியையே கண்ணியாக்கிவிடுகின்றது.

உடப்பில் கரைவலைத் தொழில் செய்யும் ஒருவர், என் மாணவனின் தந்தை, ஒரு மாலை என்னைத் தேடி வந்தார்.

"மாஸ்டர், மகன் நேற்றிலிருந்து தண்ணீர் குடிக்கிறானில்லை. மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுகிறான். இன்னும் 2 கிலோ குறைய வேண்டுமாம். நான் தடுத்தால் அவனுடைய வெற்றியைக் கெடுத்தவன் ஆவேனோ?" என்றார்.

அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு நடந்ததை அவருக்குச் சொன்னேன். நீரைக் குறைத்து, ரப்பர் உடையணிந்து, வெப்பத்தில் பயிற்சி செய்த கல்லூரி மல்யுத்த வீரர் மூவர் ஐந்து வாரங்களுக்குள் உயிரிழந்தனர். அதன் பின்னரே அவ்வுடைகளும் வெப்ப அறைகளும் அங்குக் கல்லூரி மல்யுத்தத்தில் தடைசெய்யப்பட்டன. "இரண்டு நாளில் குறைவது பெரும்பாலும் உடம்பின் நீரே" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "மீனை வெயிலில் போட்டாலும் எடை குறையும், மாஸ்டர். ஆனால் அது பிறகு மீனில்லை, கருவாடு" என்றார். நான் நெடுநேரம் விளக்க எண்ணியதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்!

பெற்றோரின் துணை பெரிது என்பதில் ஐயமில்லை. ஹரியானாவின் பலாலி கிராமத்தில் மகாவீர் சிங் போகாட், ஊராரின் ஏளனத்தையும் பொருட்படுத்தாது தம் பெண்மக்களுக்கு மல்யுத்தம் கற்பித்தார். மூத்த மகள் கீதா 2010இல் டில்லி பொதுநலவாய விளையாட்டில் தங்கம் வென்றார். தந்தையை இழந்த வினேஷும் இப்பெரியப்பாவிடமே பயின்றவர். அவர் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிவரை சென்றார். இரவெல்லாம் உறங்காது பயிற்சி செய்து, கூந்தலையும் வெட்டிப் பார்த்தும், மறுநாட் காலை 100 கிராம் மிகுந்திருந்தமையால் தகுதி இழந்தார். உடல் நீர் வற்றிய நிலையில் அவருக்குச் சிகிச்சையும் தேவைப்பட்டது. தேர்ந்த வைத்தியர்கள் சூழ்ந்திருந்த ஒருவருக்கே இந்நிலை என்றால், வளரும் சிறுவன் தன்னந்தனியே பட்டினி கிடப்பது எத்துணை ஆபத்து!

உடப்பு மாணவன் அன்றிரவே தண்ணீர் குடித்து, சோறும் உண்டான். மேற்பிரிவிலேயே இறங்கி, முதற் போட்டியில் வென்று இரண்டாவதில் தோற்றான். பார்வையாளர் வரிசையிலிருந்த தந்தையின் முகம் வாடவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் இறங்குகின்றான் என்பதைப் பயிற்சியாளரிடம் பருவத் தொடக்கத்திலேயே கேட்டறியுங்கள். வளரும் உடல் எடை கூடுவது குற்றமன்று, அது வளர்ச்சி. பதக்கம் அடுத்த ஆண்டும் வரும். பிள்ளை நலமாக இருந்தாலன்றோ அதை அணிய முடியும்?