கமால்தொலிக்குப் போன வழி

குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனம் என்று ஓர் ஆசிரமம் இருக்கிறது. பள்ளிக்கூட நாள்களில் சைக்கிளில் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எங்களுக்கு ஒரே கேலி. இருப்பதோ ஒரு தோப்பு, அதற்குப் பெயர் வனமா? உள்ளே காவி கட்டி, தாடி வைத்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் இருந்தார். பாதிரியாரா சாமியாரா என்பதில் எங்களுக்குள் பந்தயமே நடந்தது. இரண்டும்தான் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தது. 1950இல் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கிய இடம் அது. 1968இல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயர் வந்து பொறுப்பேற்றார். 1980களில் அவர் ஆசிரமத்தை இத்தாலியில் உள்ள ஒரு பழைய துறவு சபையோடு இணைத்தார். அந்தச் சபை பிறந்த இடத்தின் பெயர் கமால்தொலி.

அந்தப் பெயர் எப்படியோ மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மகள் பொலோனியாவில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, அக்டோபரில் எங்களை வரச் சொன்னபோது, “வெனிஸா, ரோமா, எது முதல்ல?” என்று கேட்டாள். “கமால்தொலி” என்றேன். அவள் கேள்விப்பட்டதே இல்லை. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, நீங்கள் இருவரும் போய் வாருங்கள், நான் அறையில் படுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் தீர்மானம் சரிதான் என்று மதியத்துக்குள் என் முழங்கால் சொல்லிற்று.

கமால்தொலிக்குச் சாலை உண்டு. பஸ்ஸும் உண்டு. நடந்துதான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது மகள். ஃப்ளோரன்ஸுக்குக் கிழக்கே அப்பென்னைன் மலைத்தொடரில் காசெந்தீனோ என்ற பகுதி. அங்கே பதியா பிராத்தாலியா என்ற சிற்றூரில் தொடங்கி, மலை முகட்டில் ஏறி, எரெமோ எனப்படும் தனிக்குடில் மடத்துக்கு இறங்கி, அங்கிருந்து கீழே உள்ள பெரிய மடத்தில் முடிக்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். மரங்களிலும் பாறைகளிலும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பார்கள். பட்டையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். இரண்டு இடத்தில் நாங்கள் பார்க்காமல் போய்த் திரும்பி வந்தோம்.

‘பதியா’ என்றாலே மடம். ஊருக்குப் பெயர் கொடுத்த மடம் இப்போது இல்லை. பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பெனடிக்டைன் துறவிகள் கட்டிய கோயில் மட்டும் நிற்கிறது, அதுவும் பலமுறை மாற்றிக் கட்டப்பட்டு. பழசு முழுக்க பீடத்துக்கு அடியில் உள்ள நிலவறையில் இருக்கிறது. குட்டைத் தூண்கள், கையை உயர்த்தினால் எட்டிவிடும் வளைவுகள், ஆடிமாத மழைக்குப் பிறகு நெல் குதிரில் வருமே, அந்த மாதிரி ஈரவாசனை. வெளியே காப்பிக் கடையில் நாலு கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

ஏற்றம் தொடங்கியதும் முதலில் செஸ்ட்நட் மரங்கள். பாதை முழுக்க அதன் காய்கள் வெடித்துக் கிடந்தன. ஊமத்தங்காய் தெரியுமல்லவா, அதைவிட இரண்டு பங்கு பெரிதாக, பத்துப் பங்கு முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆசையில் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டு அடுத்த அரைமணி நேரம் விரலிலிருந்து முள் பிடுங்கினேன். “செருப்புக் காலால மிதிச்சு உடைக்கணும்ப்பா” என்று மகள் காட்டினாள். உள்ளே பழுப்பு மெருகேறிய கொட்டை, பார்க்கப் புளியங்கொட்டைக்கு அண்ணன்.

மேலே ஏற ஏற பீச் மரங்கள். இலை முழுக்கச் செம்புத் தகடாக மாறியிருந்தது. உதிர்ந்த சருகு கணுக்கால் வரை. பேசினால் காது கேட்காது, அவ்வளவு சத்தம் காலடியில். நின்று மூச்சு வாங்கும்போதுதான் இன்னொரு சத்தம் கேட்டது. பள்ளத்தாக்கின் எங்கோ ஒரு மூலையில் பழைய லாரி ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் திணறி உறுமுவது போல. இந்தக் காட்டில் யார் லாரி ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். மான் என்றாள். இலையுதிர் காலத் தொடக்கத்தில் கிடாக்கள் பெட்டைகளுக்காக இப்படிக் கத்துமாம். நம்ம ஊரில் மான் என்றால் கவிஞர்கள் கட்டிவைத்திருக்கிற பிம்பம் வேறு. சற்று நேரம் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

முகட்டுப் பாதை 1,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஓடுகிறது. ஒருபுறம் டஸ்கனி, மறுபுறம் ரொமாஞா. முகட்டை விட்டு எரெமோ பக்கம் இறங்கத் தொடங்கியதும் வெளிச்சம் சட்டென்று குறைந்தது. செம்பு நிறம் போய்க் கரும்பச்சை வந்துவிட்டது. எல்லாம் ஃபிர் மரங்கள், நம் தேவதாருவுக்குத் தூரத்து உறவு. கோயில் கொடிமரம் மாதிரி நேராக ஏறுகிறது ஒவ்வொன்றும். கீழே புதர் இல்லை, பறவைச் சத்தம் குறைவு. ஆதி வனம் என்றால் இதுதான் என்று நான் கொஞ்சம் பக்தியோடு சொன்னேன்.

“அப்பா, பக்கவாட்டில பார்த்துக்கிட்டே நடங்க” என்றாள்.

பார்த்தேன். பஸ்ஸில் போகும்போது தென்னந்தோப்பைப் பார்த்திருப்பீர்கள். கலைந்து நிற்பதுபோல் இருக்கும் மரங்கள் ஒரு கணம் வரிசையாகத் திறந்து, மறுகணம் மூடிக்கொள்ளும். அங்கேயும் அப்படியே திறந்தது, மூடியது. யாரோ கயிறு பிடித்து நட்ட மரங்கள்.

நட்டவர்கள் துறவிகள்தான். ரவென்னாவைச் சேர்ந்த ரொமுவால்தோ என்பவர் 1012 வாக்கில் இங்கே வந்து, ஐந்து துறவிகளுக்கு ஐந்து குடிலும் ஒரு சிறு கோயிலும் அமைத்தார் என்பது சபையின் வரலாறு. அவர் 1027இல் இறந்தார். மனிதர் வேண்டாம் என்று வந்த இந்தக் கூட்டம், மரத்தை மட்டும் விடவில்லை. 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த விதிமுறையில் ஜெபத்துக்கும் நோன்புக்கும் நடுவே ஃபிர் மரத்துக்கும் இடம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கன்று நட வேண்டும், அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. இதைப் படித்துவிட்டு அவர்களை இன்றைய சுற்றுச்சூழல்வாதிகளாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தோன்றுகிறது. ஃபிர் காசு கொடுக்கும் மரம். உத்தரத்துக்கும் கப்பலின் பாய்மரத்துக்கும் அதைவிட நேரான மரம் கிடைக்காது. வெட்டிய மரத்தை மாடு பூட்டி இழுத்து, ஆர்னோ ஆற்றில் தெப்பமாகக் கட்டி ஃப்ளோரன்ஸுக்கும் பீசாவுக்கும் விட்டார்கள். கன்று நட்ட கை கணக்கும் எழுதியது. அதனால் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. காசைப் பற்றி யோசிக்காதவன் எண்ணூறு வருஷம் ஒரு காட்டைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது சந்தேகம். 1866இல் புதிய இத்தாலிய அரசு மடங்களின் சொத்தை எடுத்துக்கொண்டபோது இந்தக் காடும் கைமாறியது. 1993 முதல் தேசியப் பூங்கா.

எரெமோ வந்தபோது மதிய இடைவேளை, கதவு சாத்தியிருந்தது. நேரம் பார்க்காமல் வந்தது எங்கள் தப்பு. எதிரே உட்கார்ந்து ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் சாப்பிட்டோம். கம்பிக் கதவுக்கு அப்பால், சின்னச் சின்ன ஓட்டுவீடுகள் ஒரு தெருவாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மதில் சூழ்ந்த ஒரு கையகலத் தோட்டம். அங்கே நமக்கு அனுமதி கிடையாது. ஆனால் ரொமுவால்தோவின் குடில் என்று சொல்லப்படுவதை மட்டும் காட்டுகிறார்கள்.

கதவு திறந்ததும் அதைப் பார்க்கப் போனோம். நான் எதிர்பார்த்தது குகை. இருந்தது நத்தை ஓடு. வாசலில் நுழைந்தால் நேராக அறை வராது. ஒரு நடை அறையைச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசியில் உள்ளே விடுகிறது. மலைக்குளிர் அந்தச் சுற்றிலேயே தங்கிவிட, நடுவில் உள்ள அறை கதகதப்பாக இருக்கும். அறைச் சுவர் முழுக்கப் பலகை. அலமாரிக்குள் செருகியதுபோல் ஒரு கட்டில், எழுத ஒரு மேசை, பக்கத்தில் ஒரு ஆள் நிற்குமளவு பூஜை அறை, விறகுக்கு ஓர் இடம், வெளியிலிருந்து சாப்பாடு வைக்க ஒரு சின்னத் திறப்பு. கட்டிலின் பலகை விளிம்பு நடுவில் மட்டும் தேய்ந்து பளபளத்தது. எழுந்திருக்கும்போது கை ஊன்றும் இடம்.

“என் பொலோனியா ரூமைவிடப் பெருசுப்பா. வாடகையும் இல்ல” என்றாள் மகள்.

அங்கிருந்து கீழே பெரிய மடம் 3 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 300 மீட்டர் இறக்கம், ஓடையை ஒட்டியே பாதை. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலுக்கு எமன். மேலே தனிமை கெடாமல் இருக்கக் கீழே விருந்தினர் விடுதியாகத் தொடங்கியது அந்த மடம். வழிப்போக்கர், நோயாளி, எல்லோருக்கும் அங்கேதான் இடம். மேலே உடம்பு முடியாமல் போன துறவியும் கீழேதான் வருவார். வருகிறவர்களை வராதே என்று சொல்லவில்லை, நடுவில் ஒரு காட்டை வைத்தார்கள்.

மடத்து மருந்துக்கடையில் 1543ஆம் ஆண்டு செய்த வால்நட் மர அலமாரிகள் இன்னும் நிற்கின்றன. முன்பு காய்ச்சியது தைலம், இப்போது விற்பது தேனும் சோப்பும் மதுவும். ‘ஃபிர் மரத்துக் கண்ணீர்’ என்ற பெயரில் ஒரு மது விற்கிறார்கள். பெயருக்காகவே ஒரு புட்டி வாங்கினேன். இருமல் மருந்தின் வாசனை.

முற்றத்தில் வெள்ளை அங்கி போட்ட ஒரு வயதான துறவி வெயிலில் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று இத்தாலியனில் கேட்டார். மகள் இந்தியா என்றாள். நான் அதோடு விடாமல், “சாந்திவனம், தண்ணீர்ப்பள்ளி” என்றேன். அவர் முகம் மலரும், கையைப் பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார்.

“முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை வந்திருக்காராம்ப்பா. அப்ப ஆறு முழுக்க மணலாக் கிடந்துச்சாம். இப்பத் தண்ணி வருதான்னு கேக்கறாரு.”

“இந்த ஆடிப்பெருக்குக்கு வந்ததுன்னு சொல்லு” என்றேன்.

ஆடிப்பெருக்கை எப்படி மொழிபெயர்ப்பது என்று அவள் திணறிக்கொண்டிருக்கும்போதே பிப்பியேனா என்ற ஊருக்குப் போகும் எங்கள் பஸ் வந்துவிட்டது.